நீச்சல் பயிற்சியில் கை வலி: எது வெறும் சோர்வு, எது ஆபத்து? பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

2012 லண்டன் ஒலிம்பிக். 17 வயதுப் பள்ளி மாணவி ஒருவர் நீச்சல் குளத்தில் 4 தங்கம், 1 வெண்கலம் என 5 பதக்கங்களை அள்ளினார். அமெரிக்காவைச் சேர்ந்த அவர் பெயர் மிஸ்ஸி ஃபிராங்க்ளின். அடுத்த ஆண்டே பார்சிலோனா உலக சாம்பியன்ஷிப்பில் 6 தங்கம். ஒரே உலக சாம்பியன்ஷிப்பில் 6 தங்கம் வென்ற முதல் பெண் அவர்தான். இன்னும் பத்து வருஷத்துக்கு இவரை யாரும் அசைக்க முடியாது என்றுதான் நீச்சல் உலகம் நினைத்தது.

2018 டிசம்பரில் அவர் ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 23. காரணம், தோள் வலி.

இடையில் நடந்தது இதுதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் போட்டி எதிலும் அவரால் இறுதிச் சுற்றுக்கே போக முடியவில்லை. 2017 தொடக்கத்தில் இரண்டு தோள்களிலும் அடுத்தடுத்து ஆபரேஷன். அதற்குப் பிறகும் வலி விடவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்துதான் பார்க்க வேண்டும், அதிலும் உத்தரவாதம் கிடையாது என்ற நிலை வந்தபோது, போதும் என்று முடிவெடுத்துவிட்டார்.

உலகின் சிறந்த மருத்துவமும் பிசியோதெரபியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒருவருக்கே இந்தக் கதி. அப்படியென்றால், காலை 5 மணிக்குக் குளத்தில் இறங்கிவிட்டு, பள்ளிக்கு ஓடி, மாலையில் மறுபடியும் குளத்துக்கு வரும் 12 வயதுப் பிள்ளை "கை தூக்கவே முடியலம்மா" என்று சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? தைலம் தேய்த்துவிட்டால் போதுமா? டாக்டரிடம் ஓட வேண்டுமா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு

50 மீட்டர் குளத்தை ஒரு முறை ஃப்ரீஸ்டைலில் கடக்க, ஓரளவு தேர்ந்த வீரருக்கு இரண்டு கைகளும் சேர்த்துச் சுமார் 36 வீச்சு தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கைக்கு 18. ஒரு நாளைக்கு 6 கிலோமீட்டர் நீந்தினால் 120 முறை குளத்தைக் கடக்க வேண்டும். ஒரு கைக்கு 2,160 வீச்சு. வாரத்துக்கு 6 நாள் என்றால் 12,960. வருஷத்துக்கு 48 வாரம் பயிற்சி என்றால் ஒரே தோள் சுமார் 6 லட்சத்து 22 ஆயிரம் தடவை சுழன்றிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். ஓட்டப்பந்தய வீரரை முன்னால் தள்ளுவது கால். உடம்பிலேயே பெரிய எலும்பும் பெரிய தசையும் அங்கேதான் இருக்கின்றன. ஃப்ரீஸ்டைலில் உடலை முன்னால் இழுக்கும் வேலையில் பெரும்பகுதி கைகளுக்கு. அந்தக் கைகள் தொங்கிக்கொண்டிருக்கும் தோள் மூட்டோ, எந்தப் பக்கமும் சுழல வேண்டும் என்பதற்காக இயற்கையே கொஞ்சம் தளர்வாக விட்ட மூட்டு. ஆழமில்லாத தட்டின் மேல் ஒரு பந்தை வைத்தது போலத்தான் அதன் அமைப்பு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தோள் மூட்டு அம்மி அளவுக்குக் கெட்டியானது இல்லை.

தோளுக்குள் என்ன நடக்கிறது?

அந்தப் பந்து தட்டிலிருந்து வழுக்காமல் பிடித்துவைப்பது நான்கு சின்னத் தசைகள். இந்தக் கூட்டணிக்குப் பெயர் 'ரொட்டேட்டர் கஃப்'. தண்ணீரை இழுக்கும் பலம் மார்புத் தசையிலிருந்தும் முதுகின் பக்கவாட்டுப் பெரிய தசையிலிருந்தும் வருகிறது. தேரை இழுப்பவர்கள் அவர்கள். தேர் தடம் மாறாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர்கள் இந்தச் சின்னத் தசைகள்.

நீச்சல் பயிற்சியில் இழுக்கும் தசைகள் நாளுக்கு நாள் பலம் ஏறிக்கொண்டே போகும். பிடித்துவைக்கும் தசைகளுக்கு அதே அளவு பயிற்சி கிடைப்பதில்லை. தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டவைத்து, கையோடு சேர்த்து நகர்த்தும் விலாப்பக்கத் தசை ஒன்றும் இருக்கிறது. ஃப்ரீஸ்டைலில் அதற்குக் கிட்டத்தட்ட ஓய்வே கிடையாது. இவை களைத்துப் போனால் பந்து லேசாக மேலே ஏறும். மேலே இருக்கும் எலும்புக் கூரைக்கும் பந்துக்கும் நடுவில் ஓடும் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு, அந்த இடுக்கில் உரசும். ஒரு நாள் உரசினால் ஒன்றும் ஆகாது. 6 லட்சம் தடவை உரசினால்?

இதைத்தான் 'ஸ்விம்மர்ஸ் ஷோல்டர்' என்கிறார்கள். மருத்துவ உலகில் இந்தப் பெயர் 1970களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் இந்த இடுக்கு ஒன்றையே முழுக் குற்றவாளியாகப் பார்த்தார்கள். இப்போது தசைநாணின் தாங்கும் திறனுக்கு மேல் சுமை ஏறுவது, மூட்டு மிகவும் தளர்ந்திருப்பது, தோள்பட்டை எலும்பு சரியாக நகராதது என்று பல காரணங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஆக, சோர்வு முதலில் வருகிறது. வலி அதன் பின்னால் வருகிறது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டாலே பாதிப் பிரச்சனை தெளிவாகிவிடும். 5-வது கிலோமீட்டரில் களைத்த கை, முதல் கிலோமீட்டரில் நீந்தியது போல நீந்தாது. முழங்கை கீழே சரியும், உள்ளங்கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கும், அதை ஈடுகட்ட வீச்சு கூடும். நல்ல பயிற்சியாளர்கள் ஸ்டாப்வாட்ச் கையில் இருந்தாலும் வீச்சையும் எண்ணுவார்கள். 36-ல் கடந்த பிள்ளைக்குத் திடீரென்று 42 ஆனால், அதற்கு மேல் நீந்துவது தப்பான முறையைத் தசைக்குப் பழக்குவதற்குச் சமம்.

'லாக்டிக் ஆசிட்' தான் காரணமா?

குளத்தடியில் அதிகம் காதில் விழும் வார்த்தை இது. "லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு, அதான் நாளைக்கும் வலிக்கும்" என்பார்கள். இது பாதிதான் சரி.

100 மீட்டர், 200 மீட்டரை முழு வேகத்தில் நீந்தும்போது கடைசி 15 மீட்டரில் கை ஈயக்குண்டு மாதிரி கனக்கும். தசைக்குள் அமிலத்தன்மை கூடுவது, பாஸ்பேட் போன்ற துணைப்பொருட்கள் குவிவது, உடனடி எரிபொருள் தீர்ந்துபோவது எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. அந்த நேரத்தில் ரத்தத்தில் லாக்டேட் ஏறியிருக்கும், உண்மைதான். ஆனால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. பெரிய போட்டிகளில் பந்தயம் முடிந்ததும் வீரர்கள் உட்காராமல் பக்கத்துக் குளத்தில் மெதுவாக நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அப்படி நீந்தினால் லாக்டேட் சீக்கிரம் இறங்கும் என்பதுதான் காரணம். ஒரே நாளில் இரண்டு, மூன்று பந்தயம் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். நம் ஊர் ஸ்விம் மீட்களில் பந்தயம் முடிந்த பிள்ளை துண்டைப் போர்த்திக்கொண்டு நேராக கேலரிக்கு வந்துவிடுகிறது. தனியாக ஒரு குளம் இல்லாவிட்டாலும் பத்து நிமிடம் நடக்கவாவது வைக்கலாம்.

மறுநாள் காலையில் வரும் வலி வேறு கதை. பழக்கமில்லாத சுமையால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும், உடல் அதைச் சரிசெய்யும் வேலையும்தான் அந்த வலி. 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், தானாகவே குறையும். விடுமுறை முடிந்து முதல் வாரம் குளத்துக்குத் திரும்பும் எல்லோருக்கும் இது வரும். பயப்பட வேண்டியதில்லை.

எப்போது பயப்பட வேண்டும்?

இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி கனக்கிறது, அழுத்தினால் தசை முழுக்க மந்தமாக வலிக்கிறது, கொஞ்சம் அசைத்தால் இளகுகிறது, மூன்று நாளில் போய்விடுகிறது என்றால் அது சோர்வு.

ஒரே தோளில், விரலால் தொட்டுக் காட்டும்படி ஓர் இடத்தில் குத்துகிறது, கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் சுருக்கென்கிறது, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் கலைகிறது என்றால் கதை வேறு. சட்டை போடும்போதும், பள்ளிப் பையைத் தோளில் மாட்டும்போதும் முகம் சுளிக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். "வலிக்குதா?" என்று கேட்டால் பல பிள்ளைகள் இல்லை என்றுதான் சொல்வார்கள். அடுத்த வாரம் போட்டி இருக்கும், அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். வளரும் வயதில் எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சிப் பகுதியும் இந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதால், இரண்டு வாரத்தைத் தாண்டிய வலியை 'வளர்ச்சி வலி' என்று தள்ளிவிடக் கூடாது.

கை மரத்துப் போவது, விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிடியில் பலம் குறைவது. இவை வந்தால் பிரச்சனை தோளிலேயே இல்லாமல் இருக்கலாம். அதற்கு நமக்குத் தெரிந்த ஒரு உதாரணம் இருக்கிறது.

வலி கையில், கோளாறு கழுத்தில்

சாஜன் பிரகாஷ். கேரளாவைச் சேர்ந்தவர் என்றாலும் வளர்ந்தது நம் நெய்வேலியில். தாய் முன்னாள் தடகள வீராங்கனை, என்.எல்.சி.யில் பணி. டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில் சாஜனுக்குக் கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு பிதுங்கி, அதன் பாதிப்பு தோளுக்கும் கைக்கும் இறங்கியது. பட்டர்ஃபிளை நீந்துபவருக்கு இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தில் தண்ணீரைவிட்டு வெளியே வர வேண்டும். ஒரு கை பின்தங்கினால் எல்லாமே போச்சு. போதாக்குறைக்கு கொரோனா ஊரடங்கு. தாய்லாந்தில் பயிற்சியில் இருந்தவருக்கு மாதக்கணக்கில் குளமே கிடைக்கவில்லை.

பின்னர் துபாய்க்குப் போய்ப் பழைய பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் படிப்படியாக மீண்டார். 2021 ஜூன் 26, ரோம். 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் 1 நிமிடம் 56.38 விநாடி. ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரம் 1:56.48. பத்தில் ஒரு விநாடி வித்தியாசத்தில், நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார்.

இந்தக் கதையில் உணர்ச்சியைத் தாண்டி ஒரு பாடமும் இருக்கிறது. கை வலிக்கிறது என்பதற்காகக் கைக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்துக் கோளாறு அப்படியே இருக்கும். மரத்துப்போகும் அறிகுறி இருந்தால் கழுத்தையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தவறு எங்கே?

பல நேரம் நீந்தும் முறையில். ஃப்ரீஸ்டைலில் கட்டைவிரல் முதலில் தண்ணீரில் இறங்கும்படி கையை முறுக்கி நுழைப்பது, தலைக்கு நேர் முன்னால் நடுக்கோட்டைத் தாண்டிக் கையைப் போடுவது, மூச்சுக்காகத் தலையை மேலே தூக்குவது, எப்போதும் ஒரே பக்கம் மூச்சு எடுப்பது. நான்குமே தோளை உரசும் கோணத்துக்குத் தள்ளுபவை. உடலை இரு பக்கமும் நன்றாக உருட்டி நீந்தினால் தோளுக்கு இடம் கிடைக்கும்.

அடுத்தது கருவிகள். கையில் மாட்டும் பெரிய பேடில், தண்ணீரின் எதிர்ப்பைக் கூட்டி இழுவைப் பலத்தை வளர்க்கும். களைத்த தோளுக்கு அதுவே எமன். தோள் வலி உள்ள பிள்ளையை "சரி, இன்னிக்கு கிக் மட்டும் பண்ணு" என்று கிக்போர்டைக் கொடுத்து அனுப்புவதும் வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் போர்டைப் பிடித்துக் கையை நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் உதைத்தால் தோள் அதே இடுக்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கும். கைகளை உடலோடு ஒட்டிவைத்து, மல்லாந்து உதைக்கச் சொல்வது மேல்.

இன்னொன்று, கையைப் பின்னால் இழுத்து ஸ்ட்ரெச் செய்வது. ஒரு பிள்ளை நிற்க, இன்னொரு பிள்ளை பின்னாலிருந்து இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கும் காட்சியை எந்தக் குளத்திலும் பார்க்கலாம். நீச்சல் வீரர்களின் தோள் ஏற்கெனவே பலருக்கும் தேவைக்கு மேல் தளர்ந்தது. அதை மேலும் இழுப்பதால் லாபமில்லை. நீச்சலுக்கு முன் பேண்ட் வைத்துத் தோளைச் சூடேற்றுவதும், மார்பின் முன்புறத் தசையை மெதுவாக இளக்குவதும் போதும்.

எத்தனை கிலோமீட்டர் போதும்?

உண்மையான சண்டை இங்கேதான். ஆஸ்திரேலியாவில் 80 இளம் முன்னணி வீரர்களை வைத்துச் செய்யப்பட்டு, 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று இதில் அடிக்கடி பேசப்படுகிறது. அதில் 91 சதவீதம் பேர் தோள் வலி இருப்பதாகச் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்ட 52 பேரில் 69 சதவீதத்தினருக்கு ரொட்டேட்டர் கஃபின் மேல் தசைநாணில் பாதிப்பு. வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் நீந்தியவர்களுக்கு இந்தப் பாதிப்புக்கான வாய்ப்பு இரண்டு மடங்கு, 35 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியவர்களுக்கு நான்கு மடங்கு. மேலே போட்ட கணக்கில் வாரத்துக்கு எவ்வளவு வந்தது? 36 கிலோமீட்டர்.

சரி, குறைத்துவிடலாமே என்றால் அவ்வளவு சுலபமில்லை. 1500 மீட்டர் வீரருக்குத் தூரம் நீந்தாமல் முடியாது. தண்ணீரின் பிடி கைக்குப் புரிய நேரம் தேவை என்பதும் பயிற்சியாளர்களின் நியாயமான வாதம். மறுபக்கம், குறைந்த தூரத்தைப் பந்தய வேகத்தில் மட்டும் நீந்தும் முறையில் வளர்ந்தவர் அமெரிக்காவின் மைக்கேல் ஆண்ட்ரூ. டோக்கியோவில் மெட்லி ரிலேயில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். அதே டோக்கியோவில் 200 மீட்டர் தனிநபர் மெட்லியில் 150 மீட்டர் வரை முதலிடத்தில் இருந்து, கடைசி 50 மீட்டரில் சரிந்து 5-வதாக வந்தார். இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக அவரையே சாட்சிக்கு அழைக்கலாம்.

இப்போது இந்த விவாதத்துக்குப் புதுக் காரணம் வந்திருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட் ஸ்ட்ரோக் போட்டிகள் ஆண், பெண் இருபாலருக்கும் சேர்க்கப்பட்டுள்ளன. நீச்சல் போட்டிகளின் எண்ணிக்கை 35-லிருந்து 41 ஆகிறது. இதுவரை ஒலிம்பிக்கில் 50 மீட்டர் என்றால் ஃப்ரீஸ்டைல் மட்டும்தான். இனி 25 விநாடிக்குள் முடியும் ஒரு பந்தயத்துக்காக ஒரு பிள்ளை ஏன் தினமும் 6 கிலோமீட்டர் நீந்த வேண்டும் என்ற கேள்வியைப் பயிற்சியாளர்கள் தவிர்க்க முடியாது. ஆனால் ஸ்பிரிண்ட் என்றாலே தோளுக்கு நிம்மதி என்று நினைப்பதும் தப்பு. அங்கே தூரம் குறையும், எடைப் பயிற்சியும் ஒவ்வொரு வீச்சின் வேகமும் கூடும். 13 வயதில் ஒரு பிள்ளையை '50 மீட்டர் ஸ்பெஷலிஸ்ட்' ஆக்கி, ஒரே ஸ்ட்ரோக்கில் நீந்தவிட்டால், கிலோமீட்டர் குறைந்தும் அதே இடத்தில் அதே உரசல் தொடரும்.

இந்த விஷயத்தில் மொத்தத் தூரத்தைவிடத் திடீர் ஏற்றம்தான் பெரிய வில்லன். தேர்வு முடிந்து ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு, கோடை முகாமில் முதல் வாரத்திலேயே பழைய 36 கிலோமீட்டரைத் தொட வைப்பது வேண்டாத விபரீதம்.

வலி வந்துவிட்டது, என்ன செய்வது?

முழுதாக நிறுத்திப் படுக்கவைக்கத் தேவை இருப்பது குறைவு. சில நாள் தூரத்தைப் பாதியாக்கி, பேடிலையும் பட்டர்ஃபிளையையும் தவிர்த்து, வலி தராத ஸ்ட்ரோக்கில் மட்டும் நீந்தவிடலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதுதான் அளவுகோல். ஐஸ் வைத்தால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். அது தசைநாணைக் குணப்படுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குணப்படுத்துவது, சலிப்பூட்டும் பயிற்சிகள். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து ரெசிஸ்டன்ஸ் பேண்டை வெளிப்பக்கம் இழுப்பது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்துப் பிடிப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு, மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். இரண்டு வாரம் செய்துவிட்டு "ஒண்ணும் ஆகல" என்று விடுபவர்கள்தான் அதிகம்.

தூக்கமும் சாப்பாடும் இதில் பாதி வைத்தியம். காலை 4.30-க்கு எழும் பிள்ளை இரவு 11 மணிக்கு ஹோம்வொர்க் முடித்துப் படுத்தால், தசை சரியாவதற்கு நேரமே இல்லை. பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் இட்லியோடு முட்டையோ, சுண்டலோடு வாழைப்பழமோ கொடுத்தாலே போதும், விலை உயர்ந்த டப்பா பவுடர் தேவையில்லை. ஓய்வெடுத்தும் சோர்வு தீராத பெண் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதிப்பது நல்லது. "சோம்பேறித்தனம்" என்று திட்டு வாங்கும் பலருக்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

மாத்திரை, ஊசி... கவனம்!

போட்டி அன்று காலை வலி மாத்திரை போட்டுக் குளத்தில் இறக்குவது நீச்சலில் புதிதல்ல. இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் ஆகியவை ஊக்கமருந்து தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் தடை இல்லை என்பதற்காகப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. உடலில் நீர்ச்சத்து குறைந்திருக்கும்போது இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் சுமை. அதைவிட, நிறுத்து என்று உடல் கொடுக்கும் சிக்னலை அணைத்துவிட்டு அதே தோளில் முழு வேகத்தில் நீந்தவைக்கிறோம்.

டிராமடால் என்ற வலுவான வலி மருந்து 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டுள்ளது. தோளில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும் 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை உண்டு. சில மருந்துகளின் தடயம் பல நாள் சிறுநீரில் தங்கும் என்பதால், போட்டிக்கு முந்தைய வாரம் போட்ட ஊசி பரிசோதனையில் மாட்டிவிட வாய்ப்பிருக்கிறது. ஆகவே எலும்பு டாக்டரிடம் போகும்போது பிள்ளை போட்டியில் நீந்துவதையும், அடுத்த போட்டி எந்தத் தேதியில் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவக் காரணம் உண்மையாக இருந்தால் முறைப்படி விண்ணப்பித்து விலக்கு பெறவும் வழி இருக்கிறது. அதற்கு மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் தேவைப்படும் என்பதால் ஒன்றையும் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.